குதிகால் முடிச்சு

மூதூர் இறங்குதுறைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்த முத்தலிப்புக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தொழுகையில் நிற்கும்போது முன்வரிசைக்காரர்களின் குதிகாலைப் பார்ப்பார். பார்ப்பதோடு நின்றாலும் பரவாயில்லை. தொழுது முடித்து வெளியே வந்து, இன்னாருக்குக் குதி வெடித்துக் கிடக்கிறது, இன்னார் ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறார் என்று ஊருக்கே அறிவிப்பார். பள்ளிக்குப் போவது அல்லாஹ்வைத் தொழவா, ஆட்களின் காலுக்கு அளவெடுக்கவா என்று அவருடைய மனைவி ஸுல்பிகா கேட்காத வெள்ளிக்கிழமை இல்லை.

அதற்கும் மனுஷர் பதில் வைத்திருந்தார். "தக்பீர் கட்டி நிண்டா நெத்தி வைக்கிற இடத்தைத்தான் பாக்கோணும். அந்த இடத்துக்கு ஒரு சாண் முன்னால முன்வரிசைக்காரன்ட குதி இரிக்கு. அது என்ட குற்றமா?" என்பார். இந்த ஆளோடு கதைத்து வென்றவர் யார்?

சொந்த ஊர் கிண்ணியா. ஐம்பத்தைந்தாம் ஆண்டு மாப்பிள்ளையாகி மூதூருக்கு வந்தார். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சொந்தம். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கல்யாணமாகி ஒரு கிழமை ஆகவில்லை, மாமியார் வீட்டுச் சுவர்மணிக்கூட்டை அது ஏன் மணிக்கொரு தரம் அடிக்கிறது என்று பார்ப்பதற்காகக் கழற்றிப் பாயில் பரப்பி வைத்தார். திரும்பப் பூட்டினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதன் பிறகு அது அரைமணிக்கொரு தரம் அடித்தது.

அந்த வீட்டில் அவருடைய மண்டையை நிரந்தரமாகக் குடைந்தது மணிக்கூடு அல்ல, முடிச்சு.

ஸுல்பிகாவின் குடியில் ஆண்களுக்குக் குதிகாலுக்கு மேலே, கெண்டையிலிருந்து இறங்கி வரும் தடித்த நரம்பில், கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு முடிச்சு இருந்தது. இரண்டு காலிலும். குடி என்பது தாய் வழியாக வருவது. உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் மரைக்கார் என்று ஒருவர் உண்டு. இந்த முடிச்சைப் பார்த்த ஊர், "அத்தஹியாத்தில உக்காந்து உக்காந்து வந்த தொழுகைத் தழும்பு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. நெற்றியில் கறுப்புத் தழும்பு எவனுக்கும் வரும், காலில் தழும்பு வருவதென்றால் சும்மாவா? அந்தக் குடியின் மரைக்கார் பதவி எப்போதும் பெரிய முடிச்சு உள்ளவருக்கே போனது. அவர்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது ஊர்.

முத்தலிப்புக்கு மட்டும் இது பொருந்தி வரவில்லை. தையல்காரனின் கண் அல்லவா, பொருந்தாததைக் கண்டால் சும்மா இருக்காது. ஐந்து வேளையும் பாங்கு சொல்லும் ஸெய்னுதீன் மோதினாருக்கு எழுபத்தெட்டு வயது. அறுபது வருஷம் ஒரு நேரத்தைக்கூட விடாமல் தொழுதவர். அவருடைய குதி நரம்பு புது நூல்கட்டை மாதிரி ஒரே சீராக இருந்தது. தழும்பு அவருக்கும் உண்டுதான். ஆனால் அது இடது காலின் வெளிப்பக்கத்தில், பாயில் அழுந்தும் இடத்தில், தோல் கறுத்துக் காய்த்த தழும்பு. ஸுல்பிகாவின் குடிக்காரருக்கோ தோலில் ஒன்றுமில்லை. தோலுக்குக் கீழே, நரம்போடு நரம்பாக இருந்தது முடிச்சு. பாயில் படாத இடத்தில் பாயால் எப்படித் தழும்பு வரும்?

இன்னொன்றும் இருந்தது. அந்த முடிச்சுக்காரர்கள் நீடித்து வாழவில்லை. ஸுல்பிகாவின் உம்மாவுக்கு இரண்டு சகோதரர்கள். ஒருவர் நாற்பத்து மூன்று வயதில் லோஞ்சுப் படகில் ஏறப் போன இடத்தில் இறங்குதுறைப் பலகையிலேயே சரிந்தார். மற்றவர் நாற்பதில், அறுவடைக் களத்தில், தண்ணீர் கேட்டார், தண்ணீர் வருவதற்குள் மௌத்தாகிவிட்டார். உம்மாவும் ஐம்பத்திரண்டு வயதில் அடுப்படியில் சாய்ந்து மௌத்தானார். ஸுல்பிகாவின் மூத்த காக்கா, பெரிய அண்ணன் முஹம்மது தம்பி அறுபத்தொன்பதாம் ஆண்டு, நாற்பத்திரண்டு வயதில், சந்தைக்குப் போன சைக்கிளோடு விழுந்தார். "நல்ல மனுஷரை அல்லாஹ் கெதியா எடுத்துக்கொள்ளுவான்" என்று ஒவ்வொரு மையத்து வீட்டிலும் சொன்னார்கள். அப்படியென்றால் மோதினார் என்ன பாவம் செய்தார் என்று முத்தலிப் கேட்டதற்கு, ஸுல்பிகா அவரை மையத்து வீடு என்றும் பாராமல் கிள்ளினாள்.

எஞ்சியிருந்தவர் ஒருவர்தான். ஸுல்பிகாவின் இளைய காக்கா ஹிஸ்புல்லா. எழுபத்திரண்டாம் ஆண்டு அவருக்கு நாற்பத்தொரு வயது. ஊரிலேயே பெரிய முடிச்சு அவருடையதுதான். அண்ணன் போன பிறகு மரைக்காரும் அவர்தான். குரல் உயர்த்தாத மனிதர். வயல் வேலை, பள்ளி, வீடு என்று இருப்பவர். நடந்து வரும்போது வழியில் சட்டென்று நிற்பார், கண்ணை மூடி நெஞ்சில் கைவைத்து உதட்டை அசைப்பார், கொஞ்ச நேரத்தில் மறுபடி நடப்பார். மரைக்கார் அல்லாஹ்வை நினைத்துத் திக்ரு செய்கிறார் என்று சைக்கிளில் வருபவர்களும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். முத்தலிப்பும் அப்படித்தான் நினைத்திருந்தார். ஹிஸ்புல்லா அவருக்கு மச்சான் மட்டுமல்ல, மூதூருக்கு வந்த நாளிலிருந்து இருக்கிற ஒரே கூட்டாளி. மணிக்கூட்டைக் கழற்றிய அன்று மாமியாரின் வாயிலிருந்து காப்பாற்றியவரும் அவர்தான்.

அந்த வருஷம் திருகோணமலை ஆஸ்பத்திரியில் ஆனந்தராசா என்று ஒரு டொக்டர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லியான ஆள். எந்தத் தையல்காரன் தைத்தாலும் காற்சட்டை இடுப்பில் நிற்பதில்லை. முத்தலிப் தைத்தது நின்றது. அன்றிலிருந்து மூதூருக்கு ஆள் விட்டுத் தைப்பித்தார். ஒரு நாள் தைத்த காற்சட்டையைக் கொடுக்க முத்தலிப் லோஞ்சில் போனார். டொக்டர் உடுத்துப் பார்க்கும்போது குனிந்து கால்மடிப்பைச் சரிபார்த்த முத்தலிப்பின் கண் வழக்கம்போல் குதியில் விழுந்தது. வாய் சும்மா இருக்குமா?

"டொக்டர், நீங்க கோயிலுக்குப் போறனீங்கதானே? உங்களுக்கு ஏன் குதியில முடிச்சு இல்ல?"

டொக்டர் திகைத்துப் போனார். முடிச்சென்றால் என்ன முடிச்சு என்று கேட்டார். முத்தலிப் ஊசியைச் சட்டையில் குத்திவிட்டு, முடிச்சின் கதை முழுவதையும் சொன்னார். எந்த இடம், எவ்வளவு பருமன், தோல் அசைந்தாலும் முடிச்சு அசையாது, பாதத்தை மடக்கினால் நரம்போடு சேர்ந்து அசையும். டொக்டருடைய முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ" என்றார். ஒரு டொக்டர் தையல்காரனுக்குக் கதிரை போடுவதென்றால் விஷயம் சின்னதில்லை என்று முத்தலிப் அதன் நுனியில் உட்கார்ந்தார்.

"அந்த ஆக்கள் இளவயதில சாகினமோ?"

முத்தலிப்பின் முகத்தில் ஈயாடவில்லை. தான் வாய் திறந்து சொல்லாத ஒன்றை இந்த மனிதர் எப்படிக் கண்டார்? ஒவ்வொரு மௌத்தையும் வயதோடு சொன்னார். டொக்டர் எழுதிக்கொண்டார். கைவிரல் மூட்டு மொளிகளிலும் அப்படித் தடிப்பு இருக்கிறதா, கண் இமையில் மஞ்சளாக ஏதும் படர்ந்திருக்கிறதா என்றெல்லாம் கேட்டார். ஹிஸ்புல்லாவின் கை மொளியில் இருந்தது. அது மண்வெட்டி பிடித்ததால் என்றுதான் ஊர் சொல்லிவந்தது.

"இது தொழுகையால வந்ததில்லை, முத்தலிப். ரத்தத்தில கொலஸ்ட்ரோல் எண்டு ஒரு சாமான் இருக்கு. இவையளுக்கு அது அளவுக்கு மிஞ்சி நிக்குது. நிண்டு நிண்டு நரம்பில படியுது. அதுதான் முடிச்சு."

"அப்ப அது நஞ்சா, டொக்டர்?"

"நஞ்சில்லை. அது இல்லாட்டி நீங்களும் இல்லை, நானும் இல்லை. எங்கட ஈரல்தான் அதை உண்டாக்குது. மூளைக்கு வேணும், பித்தத்துக்கு வேணும், உடம்பில இருக்கிற ஒவ்வொரு சின்ன அறையின்ர சுவருக்கும் வேணும். கூடிப் போனால்தான் கரைச்சல்."

முத்தலிப் யோசித்தார். "தையல் மெசினுக்கு எண்ணெய் விடுற மாதிரி" என்றார். "விடாட்டி ஓடாது. கூட விட்டா நூல்தூசியோட சேந்து பிசினாகிப் பொபினைப் பிடிச்சிரும்."

"அதேதான்!" என்றார் டொக்டர். "குதியில படிஞ்சால் ஆள் சாகமாட்டார். அதே சாமான் நெஞ்சுக்கு ரத்தம் கொண்டுபோற குழாயின்ர உள்சுவரிலயும் படியுது. அதுதான் ஆளைக் கொல்லுது."

சாப்பாட்டாலா வருகிறது, எருமைத் தயிராலா, நெய்ச்சோற்றாலா என்று கேட்டார் முத்தலிப். அதே தயிரைத்தானே மோதினாரும் தின்கிறார்? நல்ல கேள்வி என்றார் டொக்டர். மற்றவர்களுக்கு உடம்பு மிச்சத்தை வெளியேற்றிவிடும். இந்தக் குடும்பத்தாருக்கு அது பிறவியிலேயே சரியாக நடப்பதில்லை. தயிரும் நெய்யும் வேறு சேர்ந்தால் இன்னும் மோசம், அவ்வளவுதான்.

"எந்தப் பக்கத்தால வருது?" என்று கேட்டார் டொக்டர்.

"உம்மா பக்கத்தால, டொக்டர். குடியால."

"அப்ப பொம்பிளையளுக்கும் இருக்கோணுமே?"

"இல்ல, டொக்டர். ஆம்பிளையளுக்கு மட்டும்தான்" என்றார் முத்தலிப், அடித்துச் சொல்கிற மாதிரி.

டொக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. "உங்கட மச்சான் நடக்கேக்க நிக்கிறவரோ?" என்றார். "பாதியில நிண்டு, நெஞ்சைப் பிடிச்சு, பிறகு நடக்கிறவரோ?"

அன்றே முத்தலிப் திரும்பும் லோஞ்சில் ஏறினார். கொட்டியாரக் குடாவைக் கடக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுக்க, வழியில் கண்ணை மூடி நிற்கும் ஹிஸ்புல்லாதான் மனதில் நின்றார். சைக்கிளை விட்டு இறங்கி, மரியாதையோடு தானும் எத்தனை தரம் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்! மச்சான் செத்துக்கொண்டிருந்திருக்கிறான், இவர் ஸலாம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இனி ஒரே வேலைதான். நாற்பத்திரண்டு முடிவதற்குள் ஹிஸ்புல்லாவை லோஞ்சில் ஏற்றி, டொக்டருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும், நெஞ்சு இறுக்கும்போது நாக்குக்குக் கீழே வைக்கக் குளிசை இருக்கிறது, சுருட்டை விட வேண்டும் என்றெல்லாம் டொக்டர் சொல்லியிருந்தார். முழுதாக மாற்ற மருந்து இல்லை, ஆனால் தள்ளிப் போடலாம் என்றும் சொன்னார். தள்ளிப் போட்டால் போதாதா? மனுஷ வாழ்க்கை முழுவதுமே தள்ளிப் போடுவதுதானே.

இதைப் பக்குவமாகச் சொல்லியிருக்க வேண்டும். முத்தலிப்புக்கு உலகத்தில் எல்லாம் தெரியும், பக்குவம் மட்டும் தெரியாது. அஸர் தொழுகை முடிந்து பத்துப் பேர் தேத்தண்ணீர்க் கடையில் இருக்கும்போது, "மச்சான், உங்கட காலில இரிக்கிறது தொழுகைத் தழும்பு இல்லையாம், ரத்தத்தில கூடின எண்ணெயாம்! டொக்டரே சொல்லிட்டார்" என்று போட்டு உடைத்தார். கண்டுபிடித்த சந்தோஷம் வேறு குரலில் தெரிந்தது. பாவி மனுஷன்!

ஹிஸ்புல்லா கோப்பையை வைத்தார். வாங்குப் பலகையிலிருந்து எழுந்து, தோளில் சால்வையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதோடு தங்கை வீட்டுக்கு வருவதையும் நிறுத்தினார். முத்தலிப் வயலுக்குப் போனால் மச்சான் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போவார். பள்ளியில் சந்தித்தால் ஸலாத்துக்குப் பதில் வரும், அதற்கு மேல் பிடி கொடுக்கமாட்டார். திருகோணமலைக்குத் துணி எடுக்கப் போவோம் என்று முத்தலிப் ஒரு தரம் ஆசை காட்டிக் கூட்டிப்போனார். இறங்குதுறை வரைக்கும் வந்து, ஹிஸ்புல்லா லோஞ்சைப் பார்த்தார், முத்தலிப்பைப் பார்த்தார், திரும்பி நடந்துவிட்டார். போகிற வழியில் இரண்டு தரம் நின்றார். முத்தலிப் எண்ணிக்கொண்டு நின்றார்.

"உங்கட கண்ணாலயும் வாயாலயும் என்ட காக்காவை என்ட வாசல் மிதியாமச் செஞ்சிட்டீங்க" என்று ஸுல்பிகா அழுதாள். "எனக்கு இனி யாரு இரிக்கா?"

"அவர் மௌத்தாகாம இருக்கத்தானே சொன்னேன்!"

"சொன்னதில்ல பிழை. பத்துப் பேருக்கு முன்னால சொன்னது."

முத்தலிப் கடைக்குப் போய், நேற்று எண்ணெய் விட்ட மெசினுக்கு மறுபடி எண்ணெய் விட்டார்.

உம்மா மௌத்தான நாளின் கத்தம் வந்தது. வருஷா வருஷம் அந்த நாளில் ஓதிச் சோறு கொடுப்பார்கள். உம்மாவின் வீடு இப்போது ஸுல்பிகாவின் வீடு, அதனால் அங்கேதான் நடக்கும். எவ்வளவு கோபம் இருந்தாலும் உம்மாவின் கத்தத்துக்கு மகன் வராமல் இருக்க ஏலாது. ஹிஸ்புல்லா வந்தார், ஓதினார், வந்தவர்களைக் கவனித்தார். ஊர் சாப்பிட்டுப் போன பிறகு, பகல் இரண்டு மணியிருக்கும், குசினியில் தங்கை அவருக்குச் சோறு போட்டாள். நெய்ச்சோறு, இறைச்சி, பக்கத்தில் சட்டித் தயிர். வாசலில் நின்ற முத்தலிப், மச்சானின் கை தயிருக்குப் போவதைப் பார்த்தார்.

"மச்சான், அதை மட்டும் வேணாம்" என்றார்.

ஹிஸ்புல்லாவின் கை நின்றது. இரண்டு மாதமாக அடக்கி வைத்தது அத்தனையும் வெளியே வந்தது. குரல் உயர்த்தாத மனிதர் அன்று உயர்த்தினார். "என்ட உம்மாட வீட்டில, என்ட உம்மாட கத்தச் சோத்தில நீங்க கை வைக்கிறீங்களா? என்ட மாமாமாரும் காக்காவும் அல்லாஹ்வைத் தொழுது போய்ச் சேந்தாங்க. அவங்கட தழும்பை நோய் எண்டு ஊருக்குச் சொன்னீங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போனா அவங்க தொழுதது பொய்யெண்டு நானே ஒப்புக்கொண்ட மாதிரி. நான் மௌத்தாகினாலும் வரமாட்டேன்!"

முத்தலிப் வாயைத் திறப்பதற்குள் ஸுல்பிகா அகப்பையைச் சட்டியில் போட்டாள். சேலைக்கரையைக் கணுக்காலுக்கு மேல் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தூக்கிக் குசினி வாங்கின் மேல் வைத்தாள்.

"பாருங்க, காக்கா" என்றாள்.

குதிகாலுக்கு மேலே, இரண்டு பக்கமும் புடைத்து, நரம்போடு நரம்பாக இருந்தது. ஹிஸ்புல்லாவுடையதற்குக் குறைந்ததல்ல.

"உம்மாக்கும் இருந்திச்சு. உம்மாட உம்மாக்கும் இருந்திச்சு. மையத்தைக் குளிப்பாட்டின பொம்பிளையள் எல்லாருக்கும் தெரியும். ஆம்பிளைட மையத்தை ஆம்பிளையள் குளிப்பாட்டுறீங்க, பொம்பிளைட மையத்தை நாங்க குளிப்பாட்டுறம். உங்களுக்கு எங்க தெரியும்? எங்களுக்கும் தொழுகைத் தழும்பு எண்டா, எங்களை ஏன் ஒருத்தரும் மரைக்கார் ஆக்கல்ல?"

ஹிஸ்புல்லா அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வந்த வேகத்திலேயே இறங்கிவிட்டது. சோற்றுக் கையோடு சுவரில் சாய்ந்தார்.

"எனக்கு இது பதினாறு வயசில வந்திச்சு, தங்கச்சி" என்றார் மெதுவாக. "அப்ப நான் பெருநாளைக்கு மட்டும் பள்ளிக்குப் போறவன். வாப்பா ஏசுவார், உம்மா அழுவா, நான் ஆத்தில மீன் பிடிச்சுத் திரிவேன். ஒருநாள் ஊர்ப் பெரியவங்க என்ட காலைப் பாத்திட்டு எழும்பி நிண்டு ஸலாம் சொன்னாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. அந்த வெக்கத்திலதான் தொழத் தொடங்கினேன். முடிச்சு முந்தி வந்திச்சு, தொழுகை பிந்தித்தான் வந்திச்சு. இதை நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. இவர் கடையில வச்சுச் சொன்னப்ப, என்னைத்தான் கண்டுபிடிச்சிட்டார் எண்டு பயந்திட்டேன்."

ஸுல்பிகா காலை இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இப்பவும் வெக்கத்திலயா தொழுறீங்க?"

"சீ, இல்ல. இப்ப தொழாம இருக்க ஏலாது."

"அப்ப தொழுகை உங்கட. முடிச்சு உம்மாட. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க, காக்கா. நானும் வாறன். ரெண்டு பேரும் ஒண்டா ரத்தம் குடுப்பம்."

முத்தலிப் இதில் பாதியைக் கேட்கவே இல்லை. அவர் இன்னும் வாசலிலேயே நின்றார். பதினேழு வருஷம்! நெல்லுக் குத்தும்போது, அம்மி அரைக்கும்போது, முற்றம் கூட்டும்போது அந்தக் குதியை ஆயிரம் தரம் கண்டிருக்கிறார். குந்தியிருந்து வேலை செய்கிற கால் அப்படித்தான் தடிக்கும் என்று நினைத்ததோடு சரி. ஊர் முழுக்க ஆண்களின் காலைப் பார்த்து டொக்டருக்கே பாடம் சொன்னவர், வீட்டுக்குள் இருந்த காலைப் பார்க்கவில்லை. மாமியார் அடுப்படியில் சாய்ந்தது ஏன் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அந்த அடுப்படிதான் இது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஹிஸ்புல்லா எழுந்து நின்றார். "என்ட காலில இரிக்கிறது தொழுகைத் தழும்பு இல்ல. எங்கட குடியில உம்மா வழியால வாற நோய். ஆம்பிளைக்கும் வரும், பொம்பிளைக்கும் வரும். யாருக்கு இரிக்கோ, திங்கக்கிழமை என்னோட லோஞ்சுக்கு வாங்க. மரைக்கார் பதவிக்கு வேற ஆளைப் பாத்துக்கொள்ளுங்க" என்றார். இதைச் சொல்லி முடிக்க அவர் இரண்டு தரம் மூச்சு வாங்கினார். பெரியவர்கள் ஆளையாள் பார்த்தார்கள். சிலருக்குக் கோபம். ஸெய்னுதீன் மோதினார் மட்டும், "இத்தனை வருஷமா எனக்கு ஏன் அது வரல்ல எண்டு நான் அழுதிருக்கேன், மகன்" என்றார். வேறு ஆளைப் பார்க்கும் கதையை அதற்குப் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை ஆறு பேர் வருவதாகச் சொன்னார்கள். வந்தவர்கள் காக்காவும் தங்கையும் சேர்த்து மூன்று பேர். அதில் ஒருவர் ஊசி என்றதும் மாடு அவிழ்ந்துவிட்டது என்று சாக்குச் சொல்லி இறங்குதுறையிலேயே கழன்றுகொண்டார். இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்து, ஸுல்பிகாவும் காக்காவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ரத்தம் கொடுத்தார்கள். டொக்டர் ஆனந்தராசா இருவரின் காலையும் கை மொளியையும் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். ஹிஸ்புல்லாவுக்கு அன்றே குளிசை கொடுத்து, சுருட்டுப் பெட்டியை வாங்கி மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினார். ரத்தம் ரயிலில் கொழும்புக்குப் போனது.

மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது. ஹிஸ்புல்லா, ஸுல்பிகா, முத்தலிப் மூவரும் மறுபடி போனார்கள். டொக்டர் கடுதாசியை விரித்தார்.

"இருநூறுக்குக் கிட்ட இருந்தால் நல்லது. ஹிஸ்புல்லாவுக்கு முந்நூற்று எண்பத்தாறு" என்றார். பிறகு கடுதாசியைத் திருப்பி, "தங்கச்சிக்கு நானூற்று முப்பத்தொண்டு" என்றார்.

இந்த இடத்தில் முத்தலிப் கேட்டிருக்க வேண்டும். அவரிடம் கேள்விக்கா பஞ்சம்? ஹிஸ்புல்லாகூட அவரைத் திரும்பிப் பார்த்தார். முத்தலிப் அந்த எண்ணை மட்டும் மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸுல்பிகாதான் கேட்டாள். "அப்ப எனக்குத்தான் கூட. நான்தான் முந்தியா, டொக்டர்?"

"அப்படியில்லை, பிள்ளை. பொம்பிளையளுக்கு இது பிந்தித்தான் வாறது. உங்களுக்கு முப்பத்தைஞ்சு வயதுதானே. இப்பவே தெரிஞ்சது நல்லது. தயிர், நெய், இறைச்சிக் கொழுப்பு, தேங்காய்ப்பால் எல்லாத்தையும் குறைக்கோணும். மருந்தும் தாறன். ஆறு மாசத்துக்கு ஒருக்கா வாங்கோ. உங்கட மகளையும் அடுத்த முறை கூட்டிக்கொண்டு வாங்கோ."

மகள் லைலாவுக்குப் பதினாலு வயது. ஸுல்பிகா தலையாட்டினாள். "குழம்பு இனி வெறும் புளித்தண்ணிதான்" என்று காக்காவைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்பை முத்தலிப்பால் பார்க்க முடியவில்லை.

திரும்பும் லோஞ்சில் சனம் நிறைந்திருந்தது. ஸுல்பிகாவுக்கு ஓரத்துப் பலகையில் இடம் கிடைத்தது. ஹிஸ்புல்லா எதிரே இருந்தார். முத்தலிப் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு அவளுக்கு முன்னால், லோஞ்சின் தரையில் உட்கார்ந்தார். குனிந்து அவளுடைய வலது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றி, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அந்த முடிச்சை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு இடது காலையும் எடுத்து வைத்தார். நாட்டில் எந்த ஆம்பிளை நாலு பேர் பார்க்கப் பெண்சாதியின் காலை மடியில் வைப்பான்? கதைத்துக்கொண்டிருந்தவர்கள் கதையை நிறுத்தினார்கள். ஹிஸ்புல்லா முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்ன செய்றீங்க? விடுங்க, மானம் போகுது, ஊர் பாக்குது!" என்று ஸுல்பிகா முக்காட்டை இழுத்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"பாக்கட்டும்" என்றார் முத்தலிப். "பதினேழு வருஷமா நான் பாக்கல்ல, ஸுல்பிகா. எனக்குப் பயமா இரிக்கு."

அவள் அவருடைய கண்ணைப் பார்த்தாள். லோஞ்ச் மூதூரில் அணையும் வரைக்கும் காலை இழுத்துக்கொள்ளவில்லை.